ஐயாற்றங்கரைச் சோலைவழி

மலைநாட்டுச் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் முதற்கண் தேடுவர். அஃது இயல்பே. எனினும், மலைவாழ் குடிகள் கல்லில் எழுதியவை மிகச் சில. காலால் எழுதியவையே பல. ஒரு குடியினர் தலைமுறை தலைமுறையாக எவ்வழியே நடந்தனர், எம்மரத்தடியில் இளைப்பாறினர், எந்நீரைப் பருகினர், எவ்விடத்திற் செருப்பைக் கழற்றிக் கைகூப்பினர் என்பவற்றை அறிந்தால் அக்குடியின் வரலாற்றிற் பாதி விளங்கிவிடும். இக்கருத்துப் பற்றியே, ஐயாற்றை ஒட்டி அறப்பள்ளிக்கு ஏறும் பழைய கால்வழியையும் அதனை அடுத்த சோலைகளையும் குறித்து ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம். பெரக்கரை நாட்டினரும் ஏனைப் பதின்மூன்று நாட்டினரும், மலையிறங்கிப் பிற ஊர்களில் வாழும் நம்மவரும், இதனை ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகின்றோம். ஏனெனின், பழம்பெருமையோடு, இன்று நம் கண்முன்னே குறைந்துவரும் ஒரு செல்வத்தின் செய்தியும் இதன்கண் அடங்கியுள்ளது.

நாடும் வழியும்

கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பெற்றது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, சித்தூர் நாடு, ஆலத்தூர் நாடு, பயில் நாடு, பெரக்கரை நாடு என்பன அவை. நாடு என்னும் சொல் இக்காலத்தில் ஒரு பெரிய தேசத்தைக் குறிக்கும். பண்டைத் தமிழகத்திலோ, சில ஊர்கள் கூடித் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொண்ட சிறு நிலப்பகுதியே நாடெனப்பட்டது. அதன் அவையினர் நாட்டார் எனப்பட்டனர். சமவெளியில் அப்பொருள் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. கொல்லிமலையிலோ அது பஞ்சாயத்தின் பெயராக இன்றும் உயிரோடிருக்கின்றது. இம்மலை முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல்நாள் தோன்றிய நாமக்கல் மாவட்டத்திற் சேர்ந்தது.

இந்நாடுகளிற் பெரும்பான்மையராய் வாழும் குடியினர் மலையாளிகள். இப்பெயரைக் கேட்டவுடன் மலையாள தேசத்தாரோ என மயங்குவாரும் உளர். அங்ஙனம் மயங்குதல் வேண்டா. மலையை ஆள்பவர் மலையாளியர். நம்மவர் பேசுவது தமிழ். நம்மவர் பாடுவதும் தமிழ். காஞ்சியினின்று உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்தனரென்றும், அவர் வழியினரே சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் பரவினரென்றும் வழிவழியாகக் கூறுவர். 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் என்பாரின் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும் இக்கதை பதிவாகியுள்ளது. கதையின் உண்மை எத்துணையாயினும் ஆகுக. நம் குலக் கதையே ஒரு நடைப்பயணத்திற் தொடங்குகின்றது என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்க.

நாடுகள் பதினான்காயினும் அவற்றைப் பிணித்த கயிறு ஒன்றே. அது கால்வழி. பெரக்கரை நாட்டான் ஒருவன் அறப்பளீசுவரரை வணங்க விரும்பின், தன் நாட்டெல்லை கடந்து வளப்பூர் நாட்டை அடைதல் வேண்டும். மிளகும் பலாவும் தேனும் கொண்டு சமவெளிச் சந்தைக்கு இறங்குவானும், உப்பும் துணியும் கொண்டு ஏறுவானும், பெண்கொடுத்த ஊருக்குச் செல்வானும் பிறருடைய நிலத்தினூடே நடந்தேயாதல் வேண்டும். ஆதலின் வழியில் இருந்த சுனையும் மரமும் ஒரு நாட்டாருக்கே உரியனவாய் இல்லாமல், நடப்பார் அனைவர்க்கும் பொதுவாயின. பொதுவானவற்றைக் காத்தற்கு ஒரு முறையும் வேண்டியதாயிற்று. அம்முறை யாதென்பதைப் பின்னர்க் கூறுவாம்.

சங்க நூல்கள் காட்டும் கானவழி

கொல்லிக் காட்டில் நடந்தாரைப் பற்றிய மிகப் பழைய செய்தி புறநானூற்றில் உள்ளது. வன்பரணர் பாடிய 152-ஆம் பாட்டு அது. பாணரும் விறலியரும் அடங்கிய ஒரு கூட்டத்தார் காட்டினூடே வருகின்றனர். அவர்தம் கண்ணெதிரே வேட்டுவன் ஒருவன் எய்த அம்பு யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் உருட்டிப் புற்றிற் கிடந்த உடும்பிற் சென்று தைக்கின்றது. இவன் ஓரிதானோ என்று ஐயுற்ற கூட்டத்தார் யாழும் முழவும் இயக்கிப் பாடுகின்றனர். தன்னைப் புகழக் கேட்ட அவன் நாணுகின்றான். வேட்டையிற் கிடைத்த மானிறைச்சியையும் மதுவையும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் வாரி வழங்குகின்றான்.

இப்பாட்டைப் படிப்போர் பலரும் வல்வில்லின் ஆற்றலையே வியப்பர். யாம் வியப்பது பிறிதொன்று. புலவர் தம் வள்ளலைக் கண்டது அரண்மனையில் அன்று; வழியில். காட்டுவழி நடந்து களைத்த அயலாருக்கு அவ்விடத்தேயே உணவு கிடைக்கின்றது. வழியில் வந்தாரை ஓம்புதல் கொல்லியின் முதற் சட்டம் என்பது இதனால் விளங்கும்.

கபிலர் பாடிய குறுந்தொகை 100-ஆம் பாட்டிலோ வேளாண்மை காணப்படுகின்றது. அருவி பாயும் பரப்பில் ஐவனம் என்னும் மலைநெல்லை விதைத்து, அதனிடையே முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களையாகப் பறிக்கும் குறவரை அப்பாட்டுக் காட்டுகின்றது. உணவு குறைந்தபோது அவர் யானைக் கொம்பை விற்று உண்பர். ஓரியின் கொல்லியும் அதன் மேற்பாலுள்ள பாவையும் அங்கே குறிக்கப்பெறுகின்றன. காடும் புனமும் அருவியும் தெய்வமும் ஒரே பாட்டில் ஒன்றையொன்று அடுத்து நிற்றலை நோக்குக.

ஓரியின் அரசு நீடிக்கவில்லை. முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்று அகநானூறு 209-ஆம் பாட்டிற் கல்லாடனார் உரைக்கின்றார். மலை கைமாறியது, பாவை மட்டும் கைமாறவில்லை. காற்று, மழை, இடி, நிலநடுக்கம் ஆகிய எவற்றாலும் உருக்குலையாத பாவை என்று அதனை நற்றிணை 201-ஆம் பாட்டுப் போற்றும். இன்று எட்டுக்கை அம்மன் என வழிபடப்பெறும் தெய்வத்தைக் கொல்லிப்பாவை என்றே மலைவாணர் கூறுவர். அரசர் மாறினாலும் காவல்தெய்வம் மாறாது என்னும் துணிபே சோலைகளையும் காத்து வந்தது என்பது எமது கருத்து.

அடிவாரமும் ஏற்றமும்

மலைக்கு வழிகள் பல. அவற்றுள் ஆற்றை ஒட்டிய வழி கீழ்பால், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர்ப் பக்கத்திலுள்ள புளியஞ்சோலையினின்று தொடங்குவது. ஊரின் பெயரே வழியின் இயல்பைச் சொல்லும். மேலே ஆகாயகங்கை எனப் பெயர்பெற்று வீழும் ஐயாறு பாறைகளிடையே தவழ்ந்து இங்கேதான் சமவெளியைத் தொடுகின்றது. பின்னர்க் காவிரியிற் கலக்கின்றது. மலையில் ஐந்து ஆறுகள் கூடியதனால் ஐயாறு என்னும் பெயர் வந்ததென்பர்.

இவ்வழியே ஏறுவான் ஒரு பகற்பொழுதிற்குள் மூவகைக் காடுகளைக் காண்பான். அடிவாரத்தே முட்செடியும் புதரும் மிகுந்து வெயில் சுடும். சிறிது உயரம் ஏறியபின் மூங்கிலும், கோடையில் இலையுதிர்க்கும் பெருமரங்களும் வரும். வேங்கையும் கடுக்காயும் நெல்லியும் இப்பகுதிக்கு உரியன. அதற்கும் மேலே, ஏறக்குறைய 3,000 அடி உயரத்தைக் கடந்தபின், காற்றுக் குளிரும். மரங்கள் இலையுதிர்த்தலை மறக்கும். நாவலும் அத்தியும் பலாவும் கூந்தற்பனையும் தம்முள் நெருங்கி நிற்க, அடிமரங்களிற் பாசியும் பன்னமும் படர்ந்திருக்கும். கதிரவன் ஒளி தரையிற் பொட்டுப் பொட்டாக விழும். சோலை என்னும் சொல்லுக்கு நிகண்டுகள் கூறும் பொருளை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் சிறந்த இடம் இல்லை.

இம்மேற்சோலையில் நீர் எங்ஙனம் பிறக்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். மழைத்துளி நேரே மண்ணை அறையாதபடி இலைக்கூட்டம் அதனைத் தாங்குகின்றது. தாங்கிய நீர் சருகின்மேல் மெல்லச் சொட்டுகின்றது. சருகும் வேரும் பஞ்சுபோல அதனை உறிஞ்சி வைத்து, மழை நின்று பல திங்கள் கழிந்த பின்னரும் சுனை வழியே சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. ஆகவே மேலே சோலை உள்ளவரையே கீழே ஆறு. சோலையை வெட்டினால் மழைக்காலத்தில் வெள்ளமும் மண்ணும் ஒருங்கே இறங்கும்; கோடையிற் பாறை மட்டும் எஞ்சும். கழனியில் நீர் பாய்ச்சும் சமவெளி வேளாளனுக்கும் பெரக்கரை நாட்டுச் சோலைக்கும் உறவு உண்டு என்பதை இதனால் உணர்க.

அறப்பள்ளியும் ஐயாறும்

வழியின் முடிவிடம் வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயில். இது தேவார வைப்புத் தலங்களுள் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. தலத்தின் பெயரை அறப்பள்ளி என்று கொண்டு அறத்திற்கு உறைவிடம் எனப் பொருள் கூறுவாரும், அறைப்பள்ளி என்று கொண்டு பாறையிடத்தமைந்த பள்ளி எனப் பொருள் கூறுவாரும் உளர். அறை என்பது பாறையைக் குறிக்கும் பழஞ்சொல்லாகலின் பின்னையதும் பொருந்துவதே. அருணாசலக் கவிராயரின் மகனார் அம்பலவாணக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்தியதே; அந்நூல் இம்மலையைச் சதுரகிரி என்று கூறும். நூறு செய்யுளில் உலகியல் நீதி அனைத்தையும் உரைக்கும் அச்சதகம் தமிழகமெங்கும் திண்ணைப் பள்ளிகளிற் பயிலப்பட்டது. சதகத்தை மனனஞ் செய்த சிறாருள் மலையைக் கண்டவர் சிலரே. ஆயினும் மலையின் பெயரை அறியாதார் இலர்.

கோயிலை அடுத்து ஓடும் ஐயாற்றில் மீன்கள் மிகுதி. அவற்றைப் பிடித்தல் கூடாது, உணவிட்டே வழிபடுவர். அதற்கு ஒரு கதையும் உண்டு. மீனொன்றைப் பிடித்து அறுத்துச் சமைக்கப் புகுந்தபோது, அறுத்த துண்டுகள் இறைவன் அருளாற் பொருந்தி, மீண்டும் உயிர்பெற்று ஆற்றில் நீந்திச் சென்றதாம். இக்கதையைக் கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும். இக்கதையால் ஆற்றின் ஒரு பகுதி வலைபடாமல் நெடுங்காலம் காக்கப்பட்டது என்னும் உண்மையை யாரும் நகைத்து ஒதுக்க இயலாது. கோயிலின் கீழே ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஏறக்குறைய 300 அடி உயரத்தினின்று விழும் ஆகாயகங்கையைக் காணலாம். ஆடிப் பதினெட்டன்று மலைவாணரும் கீழ்நாட்டாரும் இங்கே திரண்டு நீராடுவர். ஆடித் திங்கள் 17, 18-ஆம் நாட்களில் வல்வில் ஓரிக்கு அரசினரும் செம்மேட்டில் விழாவெடுக்கின்றனர்.

சோலை காத்த முறை

மேலே குறித்த காவல்முறையை இனிக் கூறுவாம். கொல்லிமலையின் ஊர்களுக்கு அருகிற் கோயிற்காடுகள் உள்ளன. சில ஓரிரண்டு ஏக்கர் அளவினவே. சில அதனினும் பரந்தவை. பெரியசாமி, அம்மன், ஐயனார், கருப்பர் எனத் தெய்வங்கள் வேறுபடினும் விதி பெரும்பாலும் ஒன்றே. உள்ளே செருப்பணிந்து செல்லலாகாது. பச்சைக் கொம்பை ஒடிக்கலாகாது. உதிர்ந்த விறகையும் வீட்டிற்குக் கொண்டு செல்லாமல், திருவிழாப் பொங்கலுக்கே பயன்படுத்தல் வேண்டும். மீறினார்க்குத் தெய்வம் தண்டம் விதிக்கும் என்பது நம்பிக்கை. அதற்கு முன்னரே ஊர்க் கவுண்டரும் பெரியோரும் கூடித் தண்டம் விதிப்பர் என்பது நடைமுறை.

இவ்விதி எழுதப்படாதது. வேலியும் இல்லை, காவலாளும் இல்லை. பின்னர் இதனைக் காத்தவர் யாவர்? நாள்தோறும் அவ்வழியே நடந்தவரே காத்தனர். விறகு வெட்டும் ஓசை வழிப்போக்கன் காதில் விழும். புதிதாக வெட்டுண்ட அடிக்கட்டை அவன் கண்ணிற் படும். அவன் அடுத்த ஊரிற் சொல்வான். அங்கிருந்து அடுத்த நாட்டிற்குச் செய்தி செல்லும். வழியே சோலையின் வேலியாய், நடப்போரே அதன் காவலராய் இருந்தனர். இக்கட்டுரையின் சாரம் இதுவே. இதனைப் படிப்போர் பிற அனைத்தையும் மறந்தாலும் இவ்வொன்றை மறவாதிருப்பாராக.

நம்முடைய மலைகளின் இவ்வழக்கம் அயல்நாட்டறிஞர் கண்ணுக்கும் தப்பவில்லை. இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாய் 1864-இல் அமர்ந்த செருமானியர் பிராண்டிஸ் என்பவர், பின்னர் 1897-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், சேலம் மாவட்டத்து மலைகளிற் தாம் கண்ட தெய்வக் காடுகளைக் குறித்துள்ளார். ஏலகிரியின் சாமிச்சோலையையும் சேர்வராயன் மலையின் தெய்வக் காடுகளையும் அவர் எடுத்துக் கூறினார். காடு வளர்க்கும் நூலைக் கற்பிக்க வந்தவர், அந்நூலைக் கல்லாத குடிகள் காடு காத்த முறையைக் கண்டு பதிவு செய்தமை நோக்கத்தக்கது.

காய்ச்சலும் காப்புக் காடும்

சேர்வராயன் மலைக்குச் சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-ஆம் ஆண்டிற் காப்பியைக் கொணர்ந்தார். அதன் பின்னர் ஏற்காடு தோட்டத் துரைமாரின் ஊராயிற்று. கொல்லிமலை அங்ஙனம் ஆகாமைக்குக் காரணம் காய்ச்சல். இம்மலையின் முறைக்காய்ச்சல் அக்காலத்திற் பேர்போனது. கொல்லி என்னும் பெயருக்கே கொல்லும் மலை என்று பொருள் கூறி அஞ்சினர். வெளியார் அஞ்சியதனால் மேற்சோலைகள் பெருந்தோட்டங்களுக்கு இரையாகாமல் நெடுங்காலம் பிழைத்தன. கொடிய நோயும் ஒருவகையிற் காவலாயிருந்தது எனல் விந்தையே.

அக்காய்ச்சலுக்கு அஞ்சாது வந்து குடியேறியவருள் செசி பிராண்டு என்னும் பாதிரியாரும் ஒருவர். மருந்தும் பள்ளியும் அளித்துத் தொண்டாற்றிய அவர் 1929-இற் கருநீர்க் காய்ச்சலால் இம்மலையிலேயே உயிர் துறந்தார். 1914-இற் பிறந்த அவர் மகன் பால் பிராண்டு, தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தி உலகப் புகழ்பெற்றவர். தம் முதுமையில் அவர் எழுதிய கட்டுரையொன்றிற் சிறுபருவத்து நிகழ்ச்சியைக் கூறுகின்றார். மலையின் படிவயல்களிற் சிறுவர் தவளை பிடித்து விளையாடினராம். வயல் காத்த முதியவர் ஒருவர் வந்து, கலங்கியோடும் நீரைக் காட்டி, அந்நீரோடு வயலின் மண்ணும் மலையிறங்கிப் போகின்றது, போன மண் திரும்பி ஏறாது என்று அறிவுறுத்தினாராம். எழுத்தறியாத அம்முதியவர் கூறியது உழவு நூலின் உயிர்நிலை அன்றோ?

இது நிற்க. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் பின்னர்க் காடுகள் இருவகையாயின. எல்லைக்கல் நட்டு அரசு தனதாக்கிக்கொண்ட காப்புக் காடு ஒன்று. குடிகளின் வசம் எஞ்சிய நிலம் மற்றொன்று. ஏரோட்டும் உழவுகாடும், ஏர் செல்லாச் சரிவிற் கொத்தால் கொத்திச் சாமையும் தினையும் விதைக்கும் கொத்துக்காடும் குடிகளுடையன. கோயிற்காடு பலவிடத்தும் இவ்விரண்டிற்கும் இடையில் நின்றது. அது தெய்வத்தின் உடைமை எனக் குடிகள் அறிவர். ஆனால் தெய்வத்தின் பெயரிற் பட்டா எழுதப்படாத இடங்களில் அதற்கு ஏட்டில் இடமில்லை. ஏட்டில் இல்லாத பொருள் இழக்க எளிது.

வழி மறந்தமையின் விளைவு

மோட்டார் பாதை வந்தது. காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டை ஊசி வளைவுகளாக அது மலையேறுகின்றது. அதனால் விளைந்த நன்மைகளை மறுப்பார் யாருமில்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணைத் தூளியிற் சுமந்து நாள்முழுதும் நடந்த துன்பம் நீங்கிற்று. பள்ளியும் மருத்துவமும் அண்மையாயின. காப்பிக்கும் மிளகுக்கும் விலை கிடைத்தது. யாம் பாதையைப் பழிக்க முற்படவில்லை.

எனினும் கால்வழி மறந்தபோது சோலையின் வேலியும் உடன் வீழ்ந்தது. முன்னர்ச் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளிற் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கென மரவள்ளி பரவியது. கிழங்கைப் பிடுங்குந்தோறும் மண் கிளறப்படுகின்றது; சரிவிற் கிளறிய மண் மழையிற் கரைகின்றது. காப்பிக்கும் மிளகுக்கும் நிழலாக ஒரே சாதியான சில்வர் ஓக் மரங்கள் நடப்பட்டன. தொலைவினின்று நோக்குவார்க்கு அதுவும் பசுமையே. ஆனால் பலவகை மரங்களும் கொடிகளும் புள்ளினமும் கூடிய சோலைக்கு அது ஈடாகாது. பாறையிலும் மரத்திலும் படர்ந்து வளரும் முடவாட்டுக்கால் கிழங்கிற்கு மூட்டுநோய் தீர்க்கும் என்னும் பெயர் பரவியதனால், வருவோர்க்கு விற்பதற்கென அது மிகுதியாகப் பெயர்த்தெடுக்கப்படுகின்றது. வேரோடு பெயர்த்தால் மறு ஆண்டு எங்கிருந்து முளைக்கும்?

இவற்றினும் நுண்ணிய தீங்கு ஒன்று உண்டு. அதனைக் கூறுதற்குச் சிறிது தயங்குகின்றோம். எனினும் நம் சங்கத்துப் பத்திரிகையிற் கூறாமல் வேறெங்கே கூறுவது? கோயிற்காட்டின் நடுவே மரத்தடியிற் கல்லாக இருந்த தெய்வத்திற்கு இன்று பக்தியுடைய அன்பர்கள் பொருள் திரட்டிச் சிமிட்டியாற் கோபுரமும் மண்டபமும் எழுப்புகின்றனர். அடியார் நிற்க இடம் வேண்டும், வண்டி நிற்க இடம் வேண்டும் என மரங்கள் வெட்டுண்கின்றன. தெய்வத்திற்கு வீடு கட்டுவதாக எண்ணித் தெய்வத்தின் வீட்டை இடிக்கின்றோம். நம் முன்னோர் கூரை வேயத் தெரியாமலா தெய்வத்தை மரநிழலில் வைத்தனர்?

எம் பள்ளியில் மேல்வகுப்பு மாணாக்கரிடம் அறப்பள்ளிக்குக் கால்வழியே சென்றவர் யாவர் என வினவியபோது ஒருசிலரே கையுயர்த்தினர். தம் ஊர்க் கோயிற்காட்டு மரங்களுட் பத்தின் பெயரைக் கூறுக என்றபோது, நான்கைந்திற்கு மேற் செல்ல அவராலும் இயலவில்லை. அவர்தம் பாட்டிமார் மரத்திற்கு மரம் பெயரும் பயனும் கூற வல்லவர். அம்மூதாட்டியரோடு அப்பெயர்களும் மறையுமாயின், அகராதியைப் புரட்டி அவற்றை மீட்டல் அரிது.

பிற நாட்டுச் செய்தி

இத்தீங்கு நமக்கே உரியதன்று. சப்பான் நாட்டில் ஊர்தோறும் சிறு தெய்வக் கோயில்களும் அவற்றைச் சூழ்ந்த காடுகளும் உண்டு. 1906-ஆம் ஆண்டு அந்நாட்டரசு சிறு கோயில்களையெல்லாம் ஒன்றாக இணைக்குமாறு ஆணையிட்டது. தெய்வம் பெயர்ந்த இடத்திற் காட்டிற்குக் காவலில்லை, மரங்கள் விலையாயின. மினகதா குமகுசு என்னும் தாவர நூலறிஞர் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். தெய்வக் காடு அழியின் ஊரார் ஒற்றுமையும், நீர்வளமும், பிறவிடத்துக் காணப்படாத செடிகொடிகளும் ஒருங்கே அழியும் என்பது அவர் வாதம். பல காடுகள் அழிந்த பின்னரே அவ்வாணை கைவிடப்பட்டது.

நம் தமிழகத்திலேயே நற்செய்தியும் ஒன்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியிலுள்ள வீரகோயில் காட்டைப் பல்லுயிர் மரபுத் தலமாக 2025-ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் அங்ஙனம் அறிவிக்கப்பெற்றது. அதற்கடுத்து இச்சிறப்பைப் பெற்ற இரண்டாவது இடம் காசம்பட்டி. அதுவும் ஊரார் தெய்வத்தின் பெயராற் காத்த சிறு காடே. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இதற்கு வழிசெய்தது. இதனினும் நமக்கு அணுக்கமானது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். வழிவழியாகத் தாம் காத்துவந்த காட்டை மேலும் காத்தற்கும் ஆளுதற்கும் பழங்குடி ஊரார்க்கு உரிமை உண்டென்று அச்சட்டம் ஏற்கின்றது. அவ்வுரிமையைக் கோரிப் பெறும் பொறுப்பைக் கிராம சபையிடமே ஒப்புவிக்கின்றது. நாட்டார் அவை செய்த காரியத்தைச் சட்டம் மீண்டும் நம் கையில் அளித்துள்ளது என்பதே இதன் பொருள். கையேந்திப் பெறவேண்டுவது ஒன்றுமில்லை. எழுந்து கேட்கவேண்டுவதே உளது.

செய்யத்தக்கன

ஆதலின் நம்மவர் செய்யத்தக்கன சில கூறி முடிப்பாம்.

முதலாவது, ஊர்தோறும் கோயிற்காட்டிற்கு ஏடு எழுதுதல். தெய்வத்தின் பெயர், நான்கெல்லை, அதனுள் நிற்கும் மரங்களின் பெயர், சுனை உண்டாயின் அது எத்திங்கள் வரை வற்றாது என்பது, விழா நாள், பூசை செய்யும் குடும்பத்தினர், மீறினார்க்கு முன்னோர் விதித்த தண்டம் ஆகிய இவற்றை மூதாட்டியரையும் முதியோரையும் கேட்டு எழுதுக. எழுதும் பணியைப் பள்ளிச் சிறாரிடம் ஒப்புவித்தல் நன்று. எழுதுவோர் எழுதும்போதே கற்பர். பெரக்கரை நாடு இதனை முதற்கண் தொடங்குமாயின் ஏனை நாடுகள் பின்தொடரும்.

இரண்டாவது, அவ்வேட்டைக் கிராம சபை முன் வைத்துத் தீர்மானம் செய்தல். வாயால் வந்த உரிமை ஏட்டில் ஏறிய பின்னரே பிறர்க்குப் புலப்படும்.

மூன்றாவது, தெய்வத்திற்குத் திருப்பணி செய்ய விரும்புவோர் மரத்தை வெட்டாமற் செய்தல். மண்டபத்தைச் சோலையின் புறத்தே எழுப்புக. உள்ளே செய்யத்தக்க திருப்பணி, இறந்த மரத்தின் இடத்தில் அவ்வினத்து நாற்றையே நடுதலாம். காட்டிற்குக் காடே கோபுரம்.

நான்காவது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் கால்வழியே நடத்தல். ஆடிப் பதினெட்டிற்குச் செல்வோர் குடும்பத்தோடு தத்தம் நாட்டினின்று அறப்பள்ளிக்கு நடந்தே செல்க. புளியஞ்சோலைப் பக்கமாக ஏறக் கருதுவோர் அது காப்புக் காட்டினூடே செல்லும் வழியாதலின் வனத்துறையின் இசைவைப் பெற்று, வழியறிந்த மலைவாணரைத் துணைக்கொண்டு ஏறுக. மழைநாளில் ஆற்றை நம்புதல் கூடாது. மேலே பெய்த மழை கீழே நிற்பாருக்குத் தெரியாமலே வெள்ளமாய் வரும். பாலிதீன் பைகளையும் புட்டிகளையும் கொண்டு சென்றவர் அவற்றைத் திருப்பிக் கொணர்க. ஒவ்வொரு சோலையிலும் சிறிது நின்று, இம்மரம் யாது, இச்சுனை யாது, இத்தெய்வம் யாது என்று குழந்தைகட்குக் கூறுக. அக்குழந்தைகள் நாளை அவ்வழியே வரும்போது, இருந்த மரம் இல்லையாயின் ஏன் இல்லை என்று கேட்பர். அக்கேள்வி ஒன்றே சோலைக்குப் போதிய வேலியாகும்.

ஓரி போயினான், காரியும் சேரனும் போயினர், கலெக்டர்களும் போயினர். ஐயாறு இன்னும் ஓடுகின்றது. அது ஓடுதற்குக் காரணமான மேற்சோலைகளை நம் பாட்டனார் நமக்குக் குறைவின்றி ஒப்புவித்தனர். நாமும் நம் பெயரர்க்கு அங்ஙனமே ஒப்புவித்தல் கடன். பதினான்கு நாட்டாரும் ஒன்றுகூடி இதனைச் செய்வாராக.